மலைக்கிராமத்துக்குப் பத்து நாள் மிஷனரிகள்: வந்தவர் சென்றபின் வழக்கு யாருக்கு?

புது தில்லி: கோடை தொடங்கியதும் தில்லி விமான நிலையத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுப் பயணிகளில் ஒரு தனி வகையினர் உண்டு. எட்டு அல்லது பத்துப் பேர் கொண்ட குழு. பெரும்பாலோர் கல்லூரி வயதினர். உடன் ஒரு போதகரோ, ஓய்வுபெற்ற மருத்துவரோ இருப்பார். மலையேற்றக் காலணிகள், மருந்துப் பெட்டிகள், கிதார் ஆகியவற்றுடன் வரும் இக்குழுவினரின் நுழைவு இசைவில் "சுற்றுலா" என்றிருக்கும். ஆனால், அவர்களை அனுப்பிவைத்த ஊர்ச் சபையில் இந்தப் பயணத்துக்கு வேறு பெயர்: குறுகிய கால மிஷன். பத்து அல்லது பதினான்கு நாட்களில் இமயமலையின் ஏதேனும் ஓர் ஒதுக்குப்புறக் கிராமத்தை அடைந்து, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, மருத்துவ முகாம் நடத்தி, வாய்ப்பு அமைந்தால் நற்செய்தியையும் அறிவித்துத் திரும்புவது இதன் நோக்கம்.

இது ஏதோ சிலரது தனிப்பட்ட ஆர்வம் என எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் பேர் இத்தகைய குறுகிய காலப் பயணங்களில் வெளிநாடு செல்வதாக, 2005-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ மதிப்பிட்டார். அவர்களில் பெரும்பகுதியினர் அண்டையிலுள்ள மெக்சிகோவுக்கும் மத்திய அமெரிக்க நாடுகளுக்கும் செல்பவர்கள். இந்தியாவின் பக்கம் வருவோர் சிறு பகுதியினரே. ஆயினும் அவர்களுக்கு இமயமலை மீது தனியான ஈர்ப்பு உண்டு.

அந்த ஈர்ப்புக்கு ஒரு வரைபடமும் காரணம். 1989-ல் மணிலாவில் நடைபெற்ற உலக நற்செய்தி மாநாட்டையொட்டி லூயிஸ் புஷ் என்பவர் முன்வைத்த கருத்து, பின்னர் "10/40 ஜன்னல்" என்று பெயர் பெற்றது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 10-வது பாகைக்கும் 40-வது பாகைக்கும் இடையில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கிழக்காசியா வரை நீளும் நிலப்பரப்பே கிறிஸ்தவம் அதிகம் எட்டாத பகுதி என்பது அதன் சாரம். இந்தியாவின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது. மொழிவாரியாகவும் இனவாரியாகவும் "எட்டப்படாத மக்கள்" பட்டியல்கள் தயாராயின. பட்டியலில் வரிசையாக வரும் பெயர்களில் பல இமயமலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் சிறு சிறு இனக்குழுக்களுடையவை.

இசைவில் இருப்பதும் இல்லாததும்

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சுற்றுலா இசைவில் வரும் வெளிநாட்டவர் கோயிலுக்கோ, தேவாலயத்துக்கோ, மசூதிக்கோ செல்லலாம். சமயச் சொற்பொழிவைக் கேட்கலாம். ஆனால், சமயக் கருத்துகளைப் போதிப்பது, வழிபாட்டிடங்களில் உரையாற்றுவது, சமயத் துண்டுப் பிரசுரங்களையோ ஒலி, ஒளி நாடாக்களையோ விநியோகிப்பது ஆகியவற்றுக்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் விதிமுறைகள் இடமளிப்பதில்லை. மிஷனரிகளுக்கென்று தனி இசைவு இருந்தாலும், மதமாற்றத்தில் ஈடுபடக் கூடாது என்னும் நிபந்தனை அதற்கும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்கூட, மிஷனரிப் பணிக்கோ தப்லீக் பணிக்கோ சிறப்பு அனுமதி பெற வேண்டும் என 2021 மார்ச்சில் அறிவிக்கை வெளியானது. 1946-ம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் உள்பட நான்கு பழைய சட்டங்களுக்கு மாற்றாக வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. மருத்துவ முகாமுக்கும் இதே நிலைதான். வெளிநாட்டு மருத்துவர் இந்தியாவில் ஒருவருக்கு மாத்திரை எழுதிக்கொடுப்பதற்குக்கூடத் தற்காலிகப் பதிவு தேவை.

இவ்வளவும் தெரிந்தேதான் பலர் வருகிறார்கள். பிடிபட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் நாட்டைவிட்டு வெளியேறும்படி உத்தரவு கிடைக்கும். மறுமுறை வர இசைவு கிடைக்காது. ஊருக்குத் திரும்பிய பின் சபையில் சாட்சி சொல்வதற்கு அதுவும் ஒரு செய்தியாகிவிடும்.

கிராமத்தில் எஞ்சி நிற்பவர்களின் நிலை வேறு. மொழிபெயர்த்தவர், வீட்டில் தங்கவைத்தவர், சுமை தூக்கியவர், கூட்டத்துக்கு இடம் கொடுத்த உள்ளூர்ப் போதகர் ஆகியோருக்கு இசைவு ரத்து என்ற எளிய தண்டனை கிடையாது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். ஆகவே மாநிலத்தின் மதமாற்றத் தடைச் சட்டம் அவர்கள் மீது பாயும். இமாசலப் பிரதேசத்தின் 2019-ம் ஆண்டுச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டபோது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மதம் மாறினாலே அது "கூட்டு மதமாற்றம்" என வரையறுக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அதே ஆண்டில் உத்தரகண்டும் 2018-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைப் பத்தாண்டுகள் வரை உயர்த்தியது. மதமாற்றம் வற்புறுத்தலால் நிகழ்ந்ததல்ல என்பதை நிரூபிக்கும் பொறுப்பை இவ்விரு சட்டங்களும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் சுமத்துகின்றன. இத்தகைய மாநிலச் சட்டங்களை எதிர்க்கும் மனுக்கள் மீது 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் பதில் கேட்டது.

வெளிநாட்டவரின் துணிச்சலுக்கு உள்ளூரார் விலை கொடுப்பதற்குத் தெளிவான சான்று மலையில் அல்ல, கடலில் கிடைக்கிறது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர், அந்தமானின் வடக்கு சென்டினல் தீவு மக்களுக்குக் கிறிஸ்துவை அறிவிக்கச் சென்று அம்புக்கு இரையானார். அவர் வந்ததும் சுற்றுலா இசைவில்தான். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அவரைப் பற்றி எழுதின. அவரைப் படகில் கொண்டுசென்ற மீனவர்கள் உள்பட ஏழு பேர் கைது செய்யப்பட்ட செய்தி பல இடங்களில் கடைசிப் பத்தியில் இடம்பெற்றது.

இந்த விஷயத்தில் கூச்சலிடும் இரு தரப்பும் ஒரு கருத்தில் ஒன்றுபடுவது வியப்புக்குரியது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பேசினால் மலைவாசி மதம் மாறிவிடுவார் என்று மிஷன் குழு நம்புகிறது. சட்டம் இயற்றுபவர்களும் அதையே நம்புகிறார்கள். இமயமலையின் கடந்த 170 ஆண்டுக் கால வரலாறு இந்த நம்பிக்கையை ஆதரிக்கவில்லை. மேற்கே லாஹூலையும் கிழக்கே அருணாசலப் பிரதேசத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

கேலாங்கில் எண்பது ஆண்டுகள்

ஜெர்மனியின் மொரேவியச் சபையைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஹைடே, எட்வர்ட் பாகெல் என்ற இருவர் 1853-ல் இந்தியா வந்தனர். அவர்கள் போக விரும்பிய இடம் இமயமலை அன்று. திபெத்தைக் கடந்து மங்கோலியா செல்வதே திட்டம். திபெத் எல்லையில் வழி மறுக்கப்பட்டது. வேறு வழியின்றி, ரோத்தாங் கணவாய்க்கு அப்பால், லாஹூல் பள்ளத்தாக்கின் கேலாங் கிராமத்தில் 1856-ல் வீடு கட்டிக்கொண்டனர். ஏறத்தாழ பத்தாயிரம் அடி உயரத்தில் உள்ள ஊர் அது. பனி விழுந்தால் அக்காலத்தில் ஆண்டில் பாதி நாட்கள் வெளியுலகத் தொடர்பு கிடையாது.

அங்கே அவர்கள் வாழ்ந்தார்கள் என்பதுதான் முக்கியம். 1859-ல் ஹைடேயை மணக்க வந்த மரியா, உள்ளூர்ப் பெண்களுக்குக் காலுறை பின்னக் கற்றுக்கொடுத்தார். கம்பளி இருந்தது, நீண்ட குளிர்காலம் இருந்தது, பின்னல் ஊசி மட்டுமே புதிது. இன்று மணாலியில் சுற்றுலாப் பயணிகள் வாங்கிச் செல்லும் லாஹூல் காலுறைகளின் பூர்வீகம் இதுவே. லாஹூலுக்கு உருளைக்கிழங்கைக் கொண்டுவந்ததும் இந்த மொரேவியர்களே என்பது வரலாறு. அது வீட்டுத் தோட்டப் பயிராகவே நூறாண்டுகள் இருந்து, 1960-களில் விதைக்கிழங்கு வணிகமாக விரிந்தது. 1966-ல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமும் உருவானது. ஒரு காலத்தில் பஞ்சத்துக்கு அஞ்சிய பள்ளத்தாக்கு, கிழங்கு விற்று வீடு கட்டியது.

1857-ல் வந்து சேர்ந்த யெஷ்கே மொழியறிஞர். அவர் தொகுத்த திபெத்திய - ஆங்கில அகராதி 1881-ல் வெளியாகி, இன்றளவும் திபெத்தியவியல் மாணவர்களின் மேசையில் இருக்கிறது. பின்னர் வந்த பிராங்கே, லே நகரிலிருந்து 1904-ல் லடாக்கின் முதல் பத்திரிகையைத் தொடங்கியதோடு, பாறைக் கல்வெட்டுகளைப் படியெடுத்து மேற்குத் திபெத்தின் வரலாற்றையும் எழுதினார். பாகெல் தம்பதியர் இன்னும் உள்ளே, சத்லஜ் நதிக்கரையில் திபெத்திய எல்லையோரம் உள்ள பூ என்ற ஊருக்கு 1865-ல் குடிபெயர்ந்தனர். 1883 ஜனவரியில் கணவனும் மனைவியும் சில நாட்கள் இடைவெளியில் அங்கேயே இறந்தனர். ஹைடே இந்தியாவைவிட்டு 1903-ல் புறப்பட்டபோது அவர் வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இத்தனைக்கும் பலன் என்ன? கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை என்ற ஒரே அளவுகோலால் அளந்தால், ஏறத்தாழ ஒன்றுமில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே திருமுழுக்குப் பெற்றன. அவர்களில் பலர் உறவினரின் புறக்கணிப்பு தாளாமல் லே நகருக்குப் பெயர்ந்தனர். 1940-ல் கேலாங் மிஷன் மூடப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லாஹூல் - ஸ்பிதி மாவட்டத்தின் 31,564 பேரில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பௌத்தமும் இந்து வழிபாடும் கலந்த தங்கள் பழைய நெறியில் லாஹூல் மக்கள் உறுதியாக நின்றுவிட்டார்கள். கிழங்கை ஏற்றுக்கொண்டார்கள், காலுறையை ஏற்றுக்கொண்டார்கள், மதத்தை ஏற்கவில்லை. யோசித்துத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த மக்களின் செயல் வேறு எப்படி இருக்கும்?

இமாசலத்தின் இன்னொரு மிஷனரிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 1904-ல் தமது 21-வது வயதில் பிலடெல்பியாவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், சபாத்து தொழுநோயாளர் இல்லத்தில் பணிபுரிந்து, பின் சிம்லாவை அடுத்த கோட்கரில் தங்கினார். உள்ளூர்ப் பெண்ணை மணந்து, 1916-ல் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டார். மலைவாசிகளிடம் ஆங்கிலேய அதிகாரிகள் வாங்கிவந்த "பேகார்" எனும் கூலியற்ற வெட்டிவேலையை எதிர்த்துப் போராடினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை சென்றார். 1932-ல் இந்துவாகிச் சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். மதம் மாற்ற வந்தவரை மலை மாற்றிவிட்டது. இமாசலத்தின் ஆப்பிள் பொருளாதாரம் அவர் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்குகிறது.

கதவடைத்த இடத்தில் நடந்தது

இனிக் கிழக்கே செல்வோம். அருணாசலப் பிரதேசத்தின் கதை இதற்கு நேர் எதிரானது.

அங்கும் மிஷனரிகள் முயன்றார்கள். அமெரிக்க பாப்டிஸ்டுகளான நேத்தன் பிரவுன், ஆலிவர் கட்டர் ஆகியோர் 1836-ல் பிரம்மபுத்திரா மேற்கரம்பில் உள்ள சதியாவை அடைந்தனர். கேலாங் மொரேவியர்களைப் போலவே இவர்களுக்கும் அது வழித்தங்கல் மட்டுமே, இலக்கு சீனா. 1839-ல் காம்ப்தி இனத்தவர் சதியா மீது தாக்குதல் நடத்தியதும் மிஷன் பின்வாங்கியது. பாரீஸ் அயல்நாட்டு மிஷன் சங்கத்தின் பாதிரியார்கள் கிரிக், பூரி இருவரும் மிஷ்மி மலைகளைத் தாண்டித் திபெத்துக்குள் செல்ல முயன்று 1854-ல் கொல்லப்பட்டார்கள். அருணாசல எழுத்தாளர் மமாங் தாய் இச்சம்பவத்தைக் கருவாகக் கொண்டு எழுதிய ஆங்கில நாவலுக்கு 2017-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கொன்றவனையும் கொல்லப்பட்டவரையும் ஒரே பரிவோடு பார்க்கும் நூல் அது.

1873-ல் ஆங்கிலேயர் வகுத்த "உள் எல்லை" ஒழுங்குமுறை, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் மலைக்குள் நுழைய முடியாதபடி செய்தது. சுதந்திர இந்தியாவும் அதைத் தொடர்ந்தது. வடகிழக்கு எல்லைப்புறப் பிரதேசம் என்று அப்போது வழங்கப்பட்ட இப்பகுதிக்குப் பழங்குடியினர் விவகார ஆலோசகராக 1954-ல் நியமிக்கப்பட்டவர் வெரியர் எல்வின். 1927-ல் ஆங்கிலிக்கன் மிஷனரியாக இந்தியா வந்து, பின்னர் சபையைவிட்டு விலகி, இந்தியக் குடியுரிமை பெற்றவர் அவர். மலைமக்கள் தங்கள் இயல்பின்படி வளர வேண்டும், வெளியிலிருந்து எதையும் திணிக்கலாகாது என்பது அவரது கொள்கை. பிரதமர் நேருவின் கொள்கையும் அதுவே. மிஷனரிகளுக்கு அனுமதி வழங்கப்படவில்லை. ஒரு முன்னாள் மிஷனரியின் ஆலோசனைக் காலத்தில் மிஷன்களுக்கு அடைக்கப்பட்ட கதவு அது.

பின்னர் ஜனதா ஆட்சிக் காலத்தில், பி.கே. துங்கன் முதல்வராக இருந்தபோது, அருணாசலப் பிரதேச மதச் சுதந்திரச் சட்டம் 1978-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. வலுக்கட்டாயம், ஆசைகாட்டுதல், மோசடி ஆகியவற்றால் மதம் மாற்றினால் இரண்டாண்டுகள் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அதே ஆண்டு டிசம்பரில் நாடு முழுமைக்குமான இத்தகைய மசோதாவை ஓ.பி. தியாகி மக்களவையில் கொண்டுவந்ததும், ஜனதா அரசு கவிழ்ந்ததும் அது காலாவதியானதும் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். சட்டத்துக்கு முன்பே, 1970-களின் நடுவில், சுபன்சிரி பகுதியில் தேவாலயங்கள் எரிக்கப்பட்ட சம்பவங்களும் உண்டு.

அனுமதிச் சீட்டு, நிர்வாகத்தின் மறுப்பு, சட்டம், தீ ஆகிய நான்கும் இருந்தன. விளைவு? 1971 கணக்கெடுப்பில் அருணாசலத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவரும் இல்லை, 0.79 சதவீதம். 1981-ல் 4.32, 1991-ல் 10.29, 2001-ல் 18.72. 2011-ல் 30.26 சதவீதத்தை எட்டி, மாநிலத்தின் மிகப் பெரிய மதப் பிரிவினராகிவிட்டனர். மிஷனரிகள் எண்பதாண்டுகள் தங்கிய லாஹூலில் நடக்காதது, மிஷனரி நுழைய முடியாத அருணாசலத்தில் நாற்பதே ஆண்டுகளில் நடந்தது.

இதைச் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் அருணாசல இளைஞர்களே. மலையில் பள்ளிகள் குறைவாக இருந்த காலத்தில், அஸ்ஸாம் சமவெளியிலுள்ள மிஷன் பள்ளிகளுக்குப் படிக்க இறங்கியவர்கள், திரும்பி வருகையில் புதிய நம்பிக்கையையும் கொண்டுவந்தார்கள். திராப் மாவட்டத்தின் நோக்தே, வாஞ்சோ மக்களுக்கு எல்லைக்கு அப்பாலுள்ள நாகா உறவுகள் வழி அது வந்தது. நாகாலாந்தின் தொடக்கமும் இப்படித்தான். 1870-களில் நாகா கிராமத்துக்குள் முதலில் சென்றவர் அமெரிக்கர் கிளார்க் அல்லர். அவருக்கு முன்னே சென்ற கோதுலா என்ற அஸ்ஸாமியரே.

பொருளாதாரக் காரணமும் இருந்தது. பழைய நெறியில் வீட்டில் ஒருவருக்குக் கடும் நோய் வந்தால் ஆவிகளைச் சாந்தப்படுத்தப் பலி கொடுக்க வேண்டும். கோழியில் தொடங்கிப் பன்றி, மிதுன் எனும் மலைமாடு வரை அது நீளக்கூடும். ஒரு மிதுன் என்பது ஓர் ஏழைக் குடும்பத்தின் பெரும் சொத்து. ஜெபத்துக்குச் செலவில்லை. இதை "ஆசைகாட்டுதல்" என்று எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கொண்டுவருவது? சாலை, பள்ளி, அரசு வேலை என்று உலகம் விரிந்தபோது, தம் பள்ளத்தாக்குக்கு அப்பாலும் செல்லுபடியாகும் ஓர் அடையாளத்தை இளைஞர்கள் தேடியதும் உண்மை.

அந்த மாற்றத்தை ஏற்காதவர்களின் துயரமும் பொய்யில்லை. ஒரே நீண்ட வீட்டில் ஒரு சகோதரர் பலிச் சடங்குக்கு வர மறுக்கிறார். இன்னொருவர் தேவாலய விருந்துக்குப் போகவில்லை. குலத்தின் வரலாற்றை விடியவிடியப் பாடும் பூசாரிகளுக்குச் சீடர்கள் கிடைக்கவில்லை. இந்த அச்சத்திலிருந்தே ஆதி இனத்தின் தாலோம் ருக்போ 1980-களில் சூரிய சந்திர வழிபாடான தோன்யி-போலோ நெறியை ஒழுங்குபடுத்தினார். எழுத்தில் இல்லாத துதிகள் நூலாயின. "காங்கிங்" எனும் பிரார்த்தனைக் கூடங்கள் எழுந்தன. வார வழிபாடு, கூடம், துதிநூல் என அதன் வடிவில் தேவாலயத்தின் சாயல் இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். 1999-ல் பூர்வீக நெறிகளுக்கான பண்பாட்டுச் சங்கமும் அமைந்தது. ஆக, இது அருணாசலத்தார் தங்களுக்குள் நடத்தும் வாதம். இரு பக்கமும் பேசுபவர்கள் ஒரே குலத்தினர்.

முதல்வரின் இரு அறிவிப்புகள்

தில்லியின் கணக்குகள் அந்த வாதத்துக்குள் அவ்வப்போது நுழைகின்றன. 1978 சட்டத்துக்கு விதிகள் வகுக்கப்படவே இல்லை. ஆகவே அது ஏட்டளவில் உறங்கியது. 2018 ஜூனில் முதல்வர் பெமா காண்டு, கத்தோலிக்க அமைப்பு ஒன்றின் நிகழ்ச்சியில் பேசுகையில், சட்டம் நீக்கப்படும் என்றார். 2022-ல் விதிகள் வகுக்கக் கோரி குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தின் இடாநகர் அமர்வில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதங்களில் விதிகள் இறுதி செய்யப்படும் என்று மாநில அரசு கூறியதைப் பதிவுசெய்து 2024 செப்டம்பர் 30-ல் நீதிமன்றம் வழக்கை முடித்தது. அந்த டிசம்பரில் பூர்வீக நெறிச் சங்கத்தின் வெள்ளி விழாவில் அதே முதல்வர், விதிகள் வருகின்றன என அறிவித்தார். கேட்போருக்கு ஏற்ப அறிவிப்பு மாறுவது நம் அரசியலுக்குப் புதிதல்ல. 2025 பிப்ரவரியில் அருணாசலக் கிறிஸ்தவ மன்றம் இடாநகரில் உண்ணாவிரதம் இருந்தது. மார்ச் 6-ல் நாகர்லகூன் அருகே போரூமில் பெருந்திரளாகக் கூடியது. எதிர்த்தரப்பும் சட்டத்தை ஆதரித்துப் பேரணி நடத்தியது.

இத்தகைய கொந்தளிப்பின் நடுவில்தான் பத்து நாள் குழு வந்து இறங்குகிறது. அருணாசலத்துக்கு வெளிநாட்டவர் வரப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி வேண்டும். பதிவுபெற்ற பயண முகவர் வழியாகவே வர வேண்டும். அந்த முகவரும் உள்ளூர்க்காரர். குழுவில் ஒருவர் ஊர்ச் சந்தையில் துண்டுப் பிரசுரம் கொடுத்தால், அந்த ஒரு காகிதம் பல மாதங்களுக்குப் பயன்படும். மதமாற்றம் முழுவதும் வெளிநாட்டுச் சதி என்று சொல்ல ஆதாரம் தேடுவோருக்கு அது கிடைத்துவிடும். இரண்டு தலைமுறைகளாகத் தாங்களே கட்டி, தாங்களே காணிக்கை போட்டு, தங்கள் மொழியில் பாடிவரும் ஒரு சபை, ஒரே நாளில் "வெளிநாட்டார் கைப்பாவை" ஆகிவிடும்.

குறுகிய காலப் பயணம் வெளிநாட்டவரின் தனியுரிமை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். கேரளம், தமிழகம், மிசோரம், நாகாலாந்து சபைகளிலிருந்தும் குழுக்கள் வடக்கு நோக்கிச் செல்கின்றன. இவர்களுக்கு இசைவுப் பிரச்சினை இல்லை. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பரப்புவதற்கும் மாற்றுவதற்கும் இடைப்பட்ட கோடு எங்கே என்பது அன்று முதல் இன்று வரை தீராத வழக்கு. திருநெல்வேலிச் சபையார் 1903-ல் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியபோது, சென்றவர்கள் மொழி கற்று அங்கேயே குடியிருந்தனர். விடுமுறைக்கு வந்து திரும்பும் குழுவைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இப்பயணங்களுக்கு எதிரான விமர்சனம் சபைகளுக்கு உள்ளேயும் உண்டு. ஒருவர் வந்து போகும் விமானச் செலவைக் கொண்டு உள்ளூர் ஆசிரியர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்ற கணக்கை அமெரிக்க இறையியலாளர்களே போட்டுக் காட்டியுள்ளனர். பயணத்தால் அதிகம் மாறுவது சென்றவரா, சென்ற கிராமமா என்ற கேள்வியும் அங்கே எழுந்திருக்கிறது. ஆனால், இளைஞர்களுக்கு மலை வேண்டியிருக்கிறது. சபைகளுக்குப் படங்கள் வேண்டியிருக்கின்றன. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையால் மணாலியிலிருந்து கேலாங் சில மணி நேரப் பயணமாகிவிட்டது. ஹைடே குளிர்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்த ஊருக்குக் காலையில் சென்று மாலையில் திரும்பலாம்.

அருணாசலத்தில் விதிகள் வரும்போது அவை யாரைத் தொடும் என்பதற்குச் சட்டத்தின் 5-வது பிரிவைப் படித்தால் போதும். மதமாற்றச் சடங்கை நடத்தியவரும், அதில் நேராகவோ மறைமுகமாகவோ பங்குகொண்டவரும், சடங்குக்குப் பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் மாவட்டத் துணை ஆணையருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை. அந்தக் "குறிப்பிட்ட காலம்" எத்தனை நாட்கள் என்பதைச் சட்டம் விதிகளுக்கே விட்டுவைத்திருக்கிறது. ஆற்றங்கரையில் திருமுழுக்குக் கொடுக்கும் ஆதி, நிஷி, நோக்தே போதகர்களும், கரையில் நின்று பாடும் அவர்களது உறவினர்களுமே அந்த நாட்களை எண்ண வேண்டியிருக்கும்.